மறந்த கணிதமும் படிக்காமல் விட்ட கணிதமும்

மல்லாவிப் பக்கமிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பொருளியலில் கலைமாணி முடித்துப் பத்து வருடம் ஆகிறது. இப்போது பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை. அடுத்த வருடம் முதுமாணி தொடங்க நினைக்கிறார். "கணிதமும் பொருளியலும் கறள் கட்டிப்போய்விட்டன. மாதம் 4000 ரூபாய்க்கு மேல் என்னால் செலவழிக்க ஏலாது. இணையத்தில் எதைப் படித்தால் சரிவரும்?" இதுதான் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல இலவச வகுப்புகளின் பட்டியலைக் கேட்பதுபோல இருக்கிறது. ஆனால் கேள்வியை முழுதாக வாசித்தால் அடியில் வேறொன்று தெரிகிறது. "முதல் வாரமே வகுப்பில் பலகையைப் பார்த்து முழிப்பேனோ?" என்ற பயம் அது. அந்தப் பயத்துக்குத்தான் பதில் எழுதுகிறேன். பட்டியல் அதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் உயர்தரப் பொருளியல் படிப்பிக்கத் தொடங்கி இருபது வருடம் தாண்டிவிட்டது. முதுமாணியை நானும் பிந்தித்தான் செய்தேன், வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில். அதற்குப் பிறகு பட்டதாரிகள் சிலருக்கு வருடாவருடம் இந்த ஆயத்த வேலையில் கைகொடுத்து வருகிறேன். கலாநிதிப் பட்டம் செய்யவில்லை. ஆகவே நான் சொல்வதெல்லாம் முதுமாணி வாசலோடு நிற்கும். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ நேரடியாகக் கலாநிதிப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு இது போதாது. அவர்களுக்கு நிறுவல் எழுதும் கணிதம் தனியாக வேண்டும், அதை அந்த வழியால் போனவரிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "மறந்துபோய்விட்டது" என்று எல்லாரும் சொல்கிறோம். என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு அது உண்மையில்லை. அவர்கள் மறக்கவில்லை, முதலே படிக்கவில்லை. எங்கள் முறையை யோசித்துப் பாருங்கள். சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டுவிட்டுக் கலைப்பிரிவுக்குப் போகிறோம். உயர்தரத்தில் பொருளியல் இருக்கிறது, ஆனால் அதில் வரும் கணக்கு கூட்டல், பெருக்கல், ஒரு வரைபு, ஒரு நெகிழ்ச்சிச் சூத்திரம். கம்பஸில் முதல் வருடம் கணிதத்துக்கும் புள்ளிவிபரத்துக்கும் ஒவ்வொரு பாடம் வரும். கடந்தகால வினாத்தாளைப் பார்த்து, வரக்கூடிய நாலு வகைக் கணக்கைப் பாடமாக்கி, பாஸ் பண்ணிவிட்டு வந்துவிடுகிறோம். வகையீட்டுச் சூத்திரம் நினைவில் இருக்கும், வகையீடு என்றால் என்ன என்று கேட்டால் வாய் திறக்காது. மறந்ததற்கு மருந்து பயிற்சிக் கணக்கு, இரண்டு மூன்று வாரத்தில் கை திரும்பும். படிக்காமல் விட்டதற்கு அந்த மருந்து வேலை செய்யாது. முதலிலிருந்து ஒருவர் சொல்லித்தர வேண்டும், நேரமும் மூன்று நாலு மடங்கு போகும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஆட்கள் ஒரு வகுப்பில் சேர்ந்து, மூன்றாவது வீடியோவில் நின்று, "எனக்கு மூளை இல்லை" என்று முடிவு கட்டுகிறார்கள்.

ஆகவே எந்த இணையத்தளத்தையும் திறக்க முன்னர் ஒரு கொப்பியை எடுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த ஐந்தையும் செய்து பாருங்கள். கல்குலேற்றர் பரவாயில்லை. முதலாவது: ஓர் எண்ணிலிருந்து 1 ஐக் கழித்து, வருவதால் 3 ஐப் பிரிக்கிறோம். அதே எண்ணுடன் 1 ஐக் கூட்டி, வருவதால் 5 ஐப் பிரிக்கிறோம். இரண்டு விடையும் சமன் என்றால் அந்த எண் என்ன? இரண்டாவது: 8 சதவீதக் கூட்டுவட்டியில் போட்ட நிலையான வைப்பு எத்தனை வருடத்தில் இரட்டிக்கும்? 72 ஐ வட்டிவீதத்தால் பிரிக்கும் குறுக்குவழியைப் பாவிக்காமல் மடக்கையால் செய்யுங்கள். மூன்றாவது: ஓர் உற்பத்தியாளரின் மொத்தக் கிரயம், உற்பத்தியின் வர்க்கத்தின் 2 மடங்கு, அதோடு உற்பத்தியின் 12 மடங்கு, அதோடு நிலையாக 50. சராசரிக் கிரயம் எந்த உற்பத்தியில் மிகக் குறையும்? அந்த இடத்தில் எல்லைக் கிரயம் என்ன? நாலாவது: ஒரு பொருளின் கேள்வி (டிமாண்ட்) அளவு, 100 இலிருந்து விலையின் 2 மடங்கைக் கழித்தது. நிரம்பல் (சப்ளை) அளவு, 10 உடன் விலையின் 4 மடங்கைக் கூட்டியது. விற்பவர் மீது அலகுக்கு 6 ரூபாய் வரி போட்டால் வாங்குபவர் என்ன விலை கொடுப்பார்? வரியில் யார் எவ்வளவு சுமப்பார்? ஐந்தாவது: விதைநெல் மூடைகளில் நூற்றுக்கு ஒன்று பழுது. பழுதான மூடையை ஒரு சோதனை 90 சதவீதம் சரியாகப் பிடிக்கும், ஆனால் நல்ல மூடையையும் 5 சதவீதம் பழுது என்று சொல்லிவிடும். ஒரு மூடையைப் பழுது என்று சோதனை சொன்னால், அது உண்மையிலேயே பழுதாக இருக்க எவ்வளவு சாத்தியம்? விடைகளைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். இப்போதே கீழே போய்ப் பார்த்தால் பயனில்லை.

முதல் இரண்டிலும் தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம், ஆனால் அதைத் தாண்டிப் போகவும் வேண்டாம். முதுமாணி வகுப்பில் ஆட்கள் விழுவது பெரும்பாலும் பெரிய தத்துவத்தில் அல்ல. பின்னத்தைச் சுருக்குவதில், சுட்டியை மாற்றுவதில், சமன்பாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குக் குறியை மாற்றாமல் கொண்டுபோவதில்தான் விழுகிறார்கள். விரிவுரையாளர் மூன்று வரியைத் தாண்டி எழுதுவார். அந்த மூன்று வரியும் உங்கள் கைக்குத் தானாக வராவிட்டால், அதற்குப் பிறகு அவர் சொல்லும் பொருளியல் காதில் ஏறாது. இதற்கு மருந்து எங்கள் கைக்கெட்டிய தூரத்திலேயே தமிழில் இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தரம் 10, 11 கணிதப் புத்தகங்கள் பீடிஎஃப் ஆக இலவசம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன. நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய பாடநூல்கள் பல கிடக்கின்றன. முப்பது வயதில் தரம் 11 புத்தகத்தைத் திறக்க மனம் கூசும். என் மகளின் புத்தகத்தை வாங்கித்தான் நானும் தொடங்கினேன், அவள் சிரித்தாள், பரவாயில்லை. சாதாரண தரக் கணிதத்திலிருந்து மேலே ஏற, கணிதப்பிரிவுப் பிள்ளைகளின் இணைந்த கணிதத்தில் சார்புகள், எல்லை, வகையீடு, தாயம் (மேற்றிக்ஸ்) ஆகிய பகுதிகளை மட்டும் எடுத்தால் போதும். திரிகோண கணிதமும் விசையியலும் உங்களுக்கு வேண்டாம்.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியவை. முதுமாணிப் பொருளியலுக்கு வேண்டிய கணிதம் அளவானது. மடக்கையும் அடுக்கும், ஒருமாறி வகையீடு, பலமாறி வகையீடும் கட்டுப்பாட்டுக்குள் உச்சப்படுத்தலும், தாயம், நிகழ்தகவும் புள்ளிவிபரமும். தொகையீட்டில் பரப்பளவு என்ற கருத்தும் சில எளிய கணக்குகளும் இருந்தால் போதும். இணைந்த கணிதப் பிள்ளைகள் மண்டையை உடைக்கும் தொகையீட்டுத் தந்திரங்களில் ஒரு வாரத்தையும் செலவழிக்காதீர்கள்.

மடக்கையை ஏன் முதலில் வைக்கிறேன் தெரியுமா? 2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், மே மாதத்தில் ஏறத்தாழ 360. ஒரு பத்திரிகை "80 சதவீத வீழ்ச்சி" என்று எழுதியது, இன்னொன்று "44 சதவீதம்" என்றது. இரண்டும் சரி. டொலரின் விலை 80 சதவீதம் ஏறியது, ரூபாயின் பெறுமதி 44 சதவீதம் விழுந்தது. எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. மடக்கையில் எடுத்தால் இந்தச் சண்டை இல்லை. ஏறினாலும் இறங்கினாலும் மாற்றம் 0.588, குறி மட்டும் மாறும். பொருளியலாளர் எதற்கெடுத்தாலும் மடக்கை எடுப்பது இதனால்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை. "மடக்கை வித்தியாசம் என்றால் சதவீத மாற்றம்" என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது சிறிய மாற்றங்களுக்கு மட்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 சதவீதம் ஏறியது. அதையே மடக்கையில் எடுத்தால் 0.53 தான் வரும். இவ்வளவு பெரிய இடைவெளியை மறந்துவிட்டு ஆய்வறிக்கை எழுதி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வகையீட்டுக்கும் அதே சுட்டெண் உதவும். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அந்த மாதம் கிளிநொச்சிச் சந்தையில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "குறைஞ்சிட்டுது எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள், எங்க குறைஞ்சது?" விலை குறையவில்லை, விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. விலைமட்டம் ஒரு சார்பு. பணவீக்கம் அதன் சதவீத மாற்ற வேகம், அதாவது அதன் மடக்கையின் வகையீடு. வேகம் பூச்சியத்துக்குக் கிட்ட வந்தாலும் வண்டி பின்னுக்குப் போகாது. இது உங்களுக்கு விளங்கிவிட்டால் எல்லைக் கிரயம், எல்லைப் பயன்பாடு, எல்லை வருமானம் எல்லாம் ஒரே விஷயத்தின் வெவ்வேறு சட்டைகள் என்று தெரியும். பெருக்கல் விதியும் சங்கிலி விதியும் கைப்பழக்கம்தான், இருநூறு கணக்குச் செய்தால் வரும்.

கட்டுப்பாட்டுக்குள் உச்சப்படுத்தல் என்ற இடத்தில் கொஞ்சம் தங்க வேண்டும். நுண்பொருளியலில் பாதி இதுதான், லக்ராஞ் பெருக்கி என்ற பெயரே ஆட்களைப் பயப்படுத்தும். பெயரை விடுங்கள், எங்கள் இரணைமடுக் குளத்தை எடுங்கள். சிறுபோகத்துக்கு முன்னர் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, கூட்டம் வைத்து, எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். ஆளாளுக்குப் பங்கு வரும். தண்ணீர் இவ்வளவுதான், அதை எப்படிப் பிரித்தால் கூட வரும்? இதுதான் முழுக் கேள்வியும். கணக்குக்காக நானே எண் வைக்கிறேன். ஒரு விவசாயிக்கு 100 அலகு தண்ணீர். நெல்லுக்கு விட்ட தண்ணீரின் வர்க்கமூலத்தை 6 ஆல் பெருக்கினால் நெல்லின் வருமானம், கச்சானுக்கு விட்ட தண்ணீரின் வர்க்கமூலத்தை 8 ஆல் பெருக்கினால் கச்சானின் வருமானம், இரண்டும் ஆயிரம் ரூபாயில். பாதி பாதியாக விட்டால் வருமானம் 99 க்கு ஒரு பொட்டுக் குறைவு. நல்ல பங்கீடு எது? நெல்லுக்கு விடும் கடைசி அலகும் கச்சானுக்கு விடும் கடைசி அலகும் ஒரே வருமானத்தைத் தரவேண்டும். ஒன்று கூடத் தந்தால் மற்றதிலிருந்து எடுத்து இதற்கு விடலாமே. வகையிட்டுச் சமப்படுத்தினால் நெல்லுக்கு 36, கச்சானுக்கு 64 என்று வரும். வருமானம் சரியாக 100. அந்தக் கடைசி அலகின் பெறுமதி 0.5, அதாவது 500 ரூபாய். லக்ராஞ் பெருக்கி, சூத்திரத்தில் லம்டா என்று எழுதுவார்களே, அது இதுதான். தண்ணீர் 101 அலகாக இருந்தால் வருமானம் 100.499 ஆகும். கூடியது கிட்டத்தட்ட அதே 0.5. பக்கத்துக் காணிக்காரர் ஓர் அலகு தண்ணீரை 400 ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் வாங்கலாம், 600 என்றால் வேண்டாம். வரவுசெலவுக் கட்டுப்பாடு, நேரக் கட்டுப்பாடு, அரசின் வருமானக் கட்டுப்பாடு என்று முதுமாணியில் எதைக் கண்டாலும் "இங்கே தண்ணீர் எது, லம்டா எதன் விலை?" என்று கேட்டுப் பழகுங்கள். சூத்திரம் தெரிந்தவர்கள் நிறையப்பேர். லம்டாவுக்கு விளக்கம் சொல்லக்கூடியவரைத்தான் விரிவுரையாளர் கவனிப்பார்.

தாயத்துக்கு நீண்ட பேச்சு வேண்டாம். பெருக்கவும் நேர்மாறு காணவும், எப்போது நேர்மாறு இல்லாமல் போகும் என்று சொல்லவும் தெரிய வேண்டும். பிற்செலவுப் பகுப்பாய்வு, அதாவது ரிக்ரெஷன், முழுவதும் தாயத்தில்தான் எழுதப்படும்.

எல்லாரும் கவனிக்காமல் விடுவது நிகழ்தகவை. வகையீட்டுக்குப் பயந்து ஐந்து மாதத்தை அதற்கே கொடுத்துவிட்டு, புள்ளிவிபரத்தைக் கடைசி வாரத்தில் தொட்டவர்கள் முதல் பருவத்திலேயே அடிவாங்கினார்கள். எழுந்தமான மாறி, எதிர்பார்க்கை, மாறற்றிறன், நிபந்தனை எதிர்பார்க்கை, செவ்வன் பரம்பல், மைய எல்லைத் தேற்றம், கருதுகோள் சோதனை. இவற்றைச் சூத்திரமாக அல்ல, சொந்த வாயால் விளக்கக்கூடிய அளவுக்குப் படிக்க வேண்டும். "பீ பெறுமதி 0.03 என்றால் என்ன?" என்று ஒருவர் கேட்டால், "கருதுகோள் பிழையாக இருக்க 97 சதவீத சாத்தியம்" என்று சொல்லாமல் இருக்கத் தெரிய வேண்டும். அந்தப் பிழையான விடையை நான் பட்டதாரிகளிடமிருந்து மட்டுமல்ல, மற்றவர்களிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். விதைநெல் கணக்கை அதற்காகத்தான் வைத்தேன்.

இப்போது எங்கே படிப்பது? இதில் நான் கஞ்சன், சில பெயர்கள்தான் தருவேன். அடிப்படையில் ஓட்டை இருந்தால் கான் அகடமி. இலவசம், பயிற்சியும் உண்டு, பிழைத்தால் ஏன் பிழை என்று காட்டும். அதற்கு மேலே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடத்தளமான ஓப்பன்கோர்ஸ்வெயார். 18.01 ஒருமாறி நுண்கணிதம், 18.02 பலமாறி, 18.06 கில்பேர்ட் ஸ்ட்ராங்கின் தாயப் பாடம், 18.05 நிகழ்தகவும் புள்ளிவிபரமும். பதிவு வேண்டாம், காசு வேண்டாம், பயிற்சிகளும் தேர்வுத்தாள்களும் விடைகளோடு இருக்கின்றன. முழுப் பாடத்தையும் பார்க்க வேண்டியதில்லை. 18.02 இல் பகுதி வகையீடும் லக்ராஞ்சும் வரும் முதல் பாதி போதும், பின்பாதி பௌதிகவியலாளருக்கு. ஸ்ட்ராங் சேர்ந்து எழுதிய ஓப்பன்ஸ்டாக்ஸ் நுண்கணிதப் புத்தகமும் இலவசம், முதல் தொகுதியை இறக்கி வையுங்கள். ஏன் இப்படி வருகிறது என்று மனக்கண்ணில் பார்க்க வேண்டுமென்றால் யூடியூப்பில் த்ரீபுளூவன்பிரவுன். அதைப் பார்த்தால் விளங்கிய மாதிரி இருக்கும், ஆனால் கணக்குச் செய்ய வராது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம், படிப்பு நேரத்தில் சேர்க்க வேண்டாம். பொருளியல் அளவையியலுக்கு, அதாவது தரவை வைத்துப் பொருளியலைச் சோதிக்கும் பாடத்துக்கு, பென் லாம்பேர்ட்டின் குறு வீடியோக்கள் நல்லவை, 2021 இல் நோபல் பெற்ற ஜோஷுவா ஆங்ரிஸ்ட் மார்ஜினல் ரெவலூஷன் யுனிவர்சிட்டிக்காகச் செய்த தொடரும் அப்படியே. இந்திய என்பிடெல் பாடங்களும் இலவசம்தான், ஆனால் அதன் சான்றிதழ்த் தேர்வு நிலையங்கள் இந்தியாவில் இருப்பதால் எங்களுக்குப் பாடம் மட்டும்தான் லாபம்.

பொருளியலைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். அது அவ்வளவாக மறக்காது. அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்பவருக்கு மானியம் எப்படிக் கசிகிறது, உரம் இல்லாமல் விளைச்சல் எப்படி விழுந்தது என்பது புத்தகக்காரரை விட நன்றாகத் தெரியும். கோர் திட்டத்தின் இலவசப் பொருளியல் நூலை ஒரு முறை ஓட்டமாக வாசியுங்கள், பழைய வரைபுகள் திரும்பி வரும். பிறகு இடைநிலை நுண்பொருளியல் நூல் ஒன்றைக் கம்பஸ் நூலகத்திலோ பழைய சிநேகிதரிடமோ வாங்கி, அத்தியாய முடிவுக் கணக்குகளைச் செய்யுங்கள். பேரினப் பொருளியலை முதுமாணியே தொடக்கத்திலிருந்து சொல்லித்தரும்.

உண்மையில் மறைந்திருக்கும் இன்னொரு ஓட்டை மொழி. தமிழ் மொழிமூலம் படித்த எங்களுக்குக் கேள்வி, நிரம்பல், எல்லைக் கிரயம், நெகிழ்ச்சி எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. விரிவுரையில் "மார்ஜினல் கொஸ்ட்", "இலாஸ்டிசிற்றி" என்று வேகமாகப் போகும்போது, தெரிந்த விஷயமே தெரியாததுபோல இருக்கும். போதாக்குறைக்கு இணையத்தில் கிடைக்கும் தமிழ் விளக்கங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே கேள்வி என்பது தேவை, நிரம்பல் என்பது அளிப்பு, தாயம் என்பது அணி. குழம்பிப்போய் நான் ஒரு நாள் முழுக்க "அணி" என்பது அணிவகுப்பா என்று யோசித்திருக்கிறேன். ஒரு கொப்பியில் மூன்று கோடு கீறி எங்கள் சொல், தமிழ்நாட்டுச் சொல், ஆங்கிலச் சொல் என்று எழுதி வாருங்கள். நூற்றைம்பது சொல் சேர்ந்தால் போதும். என் மாணவர்களுக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால், இந்தக் கொப்பியைத்தான் சொல்வார்கள்.

மென்பொருளில் ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதுவும் பாரமாக இருந்தால் கிரெட்டில் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம், பொருளியல் அளவையியலுக்கென்றே செய்தது. ஸ்டாட்டாவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், படிக்கும் இடம் கேட்டால் அவர்களே தருவார்கள். மத்திய வங்கித் தரவையோ, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் விலைச் சுட்டெண்ணையோ இறக்கி, மேலே சொன்ன மடக்கைக் கணக்கை நீங்களே வரைந்து பாருங்கள். முதல் பாடத்துக்கு அதுவே போதும்.

இனிக் காசு. மேலே சொன்ன எதற்கும் ஒரு சதமும் தேவையில்லை. அப்படியென்றால் அந்த 4000 ரூபாயை என்ன செய்வது? ஒரு பகுதி டேட்டாவுக்குப் போகும். வீடியோவை இரவுநேர டேட்டாவில் பாருங்கள், பாடக்குறிப்பையும் பயிற்சித்தாளையும் பீடிஎஃப் ஆக இறக்கி வைத்தால் டேட்டா மிச்சம். மீதியை உங்கள் கொப்பியைத் திருத்துகிற ஒரு மனிதருக்குக் கொடுங்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். முதுமாணிக்கு முன்னர் கொழும்பில் ஓரிடத்தில் ஆறு வார "ஆயத்த வகுப்பு" என்று நல்ல காசு கட்டினேன். வெள்ளி இரவு பஸ் ஏறிச் சனிக்கிழமை வகுப்பு, ஞாயிறு திரும்பி வருவேன். அங்கே ஒருவர் ஸ்லைட்டை வாசித்தார். ஆறு வாரத்தில் என் கணக்கு ஒன்றைக்கூட யாரும் திருத்தவில்லை. என் பிழைகள் என்னோடேயே பஸ்ஸில் திரும்பி வந்தன. பிறகு பக்கத்துத் தெருவில் இருந்த இணைந்த கணித ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கொப்பியைக் கொண்டுபோனேன். அவர் சிவப்புப் பேனையால் கீறிய அரை மணித்தியாலத்தில் கிடைத்தது அந்த ஆறு வாரத்தில் கிடைக்கவில்லை. உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு ஆசிரியர் கட்டாயம் இருப்பார். இல்லாவிட்டால் அறிவியல்நகரில் பொறியியல் பீடப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணிதம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். படத்தை வட்சப்பில் அனுப்பினாலும் திருத்தித் தருவார்கள். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுங்கள், அவர்களுக்கும் கைச்செலவுக்கு ஆகும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கலாமா என்றும் கேட்பீர்கள். கேட்கலாம், ஆனால் உங்கள் வழியை முழுதாக எழுதிய பிறகு. முதலிலேயே கேட்டால் அழகான தீர்வு வரும், நீங்கள் தலையாட்டுவீர்கள், கைக்கு ஒன்றும் வராது. அது சில இடங்களில் உறுதியான குரலில் பிழையும் சொல்லும், அதைப் பிடிக்க உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். சான்றிதழ்கள் அனுமதிக்கு உதவுமா? என் கணிப்பு: உள்ளூர் முதுமாணிக்கு அவ்வளவாக இல்லை, வெளிநாட்டு விண்ணப்பத்துக்குக் கொஞ்சம், அதுவும் மேற்பார்வையோடு தேர்வு எழுதியதாக இருந்தால். இது சட்டமல்ல, நான் கண்ட ஒருசில விண்ணப்பங்களிலிருந்து சொல்வது. போகப்போகிற இடத்து இணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, முதல் பருவப் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாளையும் கேளுங்கள், அது எந்தச் சான்றிதழையும் விடப் பெறுமதி. காசு கட்டித்தான் ஒன்று எடுக்க வேண்டும் என்றால், எம்ஐடி நடத்தும் தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்புக்கான மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற இணையப் பாடத்தொடரைப் பாருங்கள். 2019 இல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதில் படிப்பிக்கிறார்கள். பாடத்தைப் பார்ப்பது இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம், அதுவும் வருமானத்தைப் பொறுத்துக் குறையும். உங்கள் வேலைக்கும் அது நெருங்கிய பாடம். கோர்செராவிலும் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம், காரணத்தை நேர்மையாக நாலு வரி எழுத வேண்டும்.

நேரமும் கணிப்புத்தான். வேலைநாளில் ஒரு மணித்தியாலம், ஞாயிறு மூன்று மணித்தியாலம் என்று வைத்தால் கிழமைக்கு எட்டு. ஆறு மாதத்தில் இருநூறு மணித்தியாலம் சேரும். மறந்ததை மீட்பவருக்கு அது தாராளம். படிக்காமல் விட்டதைப் படிப்பவருக்கு அது விளிம்பு, ஆகவே இந்த மாதமே தொடங்குங்கள். அறுவடைக் காலத்திலும் நிவாரணப் பட்டியல் போடும் காலத்திலும் உங்கள் அலுவலகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கிழமைகளில் அரை மணித்தியாலம் செய்தாலும் காணும், ஆனால் கொப்பியை மூடி வைத்துவிட வேண்டாம்.

விடைகள். முதலாவது 4. இரண்டாவது 9 வருடமும் ஒரு சொட்டும். 2 இன் மடக்கையை 1.08 இன் மடக்கையால் பிரிக்க வேண்டும். மூன்றாவது, உற்பத்தி 5. அங்கே சராசரிக் கிரயமும் எல்லைக் கிரயமும் இரண்டும் 32. ஏன் இரண்டும் ஒன்றாக வந்தன என்று நாலு வரி எழுதி வையுங்கள். நாலாவது, வரிக்கு முன் விலை 15, பின் வாங்குபவர் 19 கொடுப்பார், விற்பவர் கைக்கு 13 வரும். ஆகவே வாங்குபவர் 4, விற்பவர் 2. ஐந்தாவது வெறும் 15 சதவீதம். ஆயிரம் மூடை என்று வைத்தால் பழுதில் 9 பிடிபடும், நல்லதிலும் ஏறத்தாழ 50 பிடிபட்டுவிடும். ஐந்தாவதுக்கு 90 என்று எழுதியிருந்தால் 18.05 இலிருந்து தொடங்குங்கள். மூன்றாவதைத் தொடவே முடியாவிட்டால் முதலில் இணைந்த கணிதப் புத்தகத்தின் வகையீட்டு அத்தியாயம், பிறகு 18.01. எது வந்தது, எது வரவில்லை என்று எழுதி அனுப்பினால், முதல் மாதத்துக்கு எந்தப் பயிற்சிகள் என்று சொல்கிறேன்.